பெல்ட் வண்டிக்கு நான் செய்த சிபாரிசு

இது நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், மலாயாவில். ஜொகூரில் குளுவாங் பட்டணத்திலிருந்து எட்டு மைல் உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்போது நான் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. ஆபீஸ் கடிதங்களை டைப் அடிப்பது, ஆள் கணக்கு எழுதுவது, வெள்ளைக்காரத் துரை இன்றைக்குச் சிரித்த முகமாக இருக்கிறாரா சிடுசிடுப்பாக இருக்கிறாரா என்று வெளியே காத்திருப்பவர்களுக்கு ஜாடை காட்டுவது எல்லாம் என் வேலை. எனக்கு முப்பது வயது முடிந்திருந்தது. இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டேன். இருந்தும் இதை வீட்டில் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. முகம் தெரியாத வாசகர்களிடம் சொல்வது சுலபமாக இருக்கிறது.

அந்த வட்டாரத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்த ஒரே தமிழன் நான்தான். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு சின்ன துரையிடமிருந்து வாங்கியது. பெல்ட் வண்டி. இந்தக் காலத்து வண்டிகளைப் போலச் சங்கிலி கிடையாது. எஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்கு ஒரு தடித்த பெல்ட் ஓடும். வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓட வேண்டும், எஞ்சின் பிடித்ததும் தாவி ஏற வேண்டும். நான் அப்படித் தாவி ஏறுவதைப் பார்ப்பதற்கென்றே, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் ஆட்கள் நிற்பார்கள். எனக்கும் அது தெரியும். தெரிந்தேதான் ஓடுவேன்.

ஆனால் அந்த வண்டியில் ஒரு ரகசியம் இருந்தது. பெல்ட் நனைந்தால் வழுக்கும். எஞ்சின் உறுமும், சக்கரம் அசையாது. ஜொகூரில் மழை பெய்யாத வாரம் எது? குளுவாங் போய்த் திரும்பும் வழியில் எத்தனையோ நாள் அந்த இரும்பை மைல் கணக்கில் செம்மண் சேற்றில் தள்ளி வந்திருக்கிறேன். நல்லவேளையாக எங்கள் தோட்டத்து வாசலுக்கு முன்னால் ஓர் இறக்கம் இருந்தது. அதன் உச்சியில் நின்று பெல்ட்டைத் துடைத்து, வேட்டி முனையால் முகத்தையும் துடைத்து, இறக்கத்தில் விட்டால் வண்டி எப்படியும் பிடித்துக்கொள்ளும். மழையில் நனைந்தபடி சிங்கம் மாதிரி நுழைவேன். “அடிக்கிற மழையிலும் கிராணியார் வண்டி நிக்காது” என்று ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் பேச்சு. இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் என் மனைவி. சட்டையில் சேறு எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். “நீங்க அதுமேல ஏறி வந்ததைவிட அது உங்க தோள்ல ஏறி வந்ததுதான் அதிகம்” என்பாள்.

அப்படி இருக்கும்போது புதிதாக ஒரு டிரஸ்ஸர் வந்து சேர்ந்தார். டிரஸ்ஸர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்பவர். டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை வருவார், மற்ற நாளெல்லாம் ஊசியும் மருந்தும் இவர் கையில்தான். என்னைவிட ஆறு வயது இளையவர். தஞ்சாவூர்ப் பக்கம், மலாய் ஒரு வார்த்தை தெரியாது. என்னை வந்த நாளிலேயே “அண்ணே” என்று கூப்பிட ஆரம்பித்தார். வந்து எட்டு மாதத்தில் தோட்டத்தில் காய்ச்சல் பாதியாகக் குறைந்தது. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா மருந்தைக் கசப்புக்குப் பயந்து துப்பிவிடுவார்களே, அந்த ஜனங்களை வாயைத் திறந்து காட்டச் சொல்லிச் சிரிக்கச் சிரிக்கப் பேசி விழுங்க வைத்தார். கிழடு கட்டைகள்கூட அவரைத் தேடிக்கொண்டு போயின. நல்ல மனிதர் என்பது எனக்கும் தெரியும். அதுதான் தாங்கவில்லை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் பெரிய கங்காணிக்கு முதல் பரிவட்டம், எனக்கு இரண்டாவது. வருஷா வருஷம் நடப்பது. அந்த வருஷம் பூசாரி பெரிய கங்காணிக்குக் கட்டிவிட்டு இரண்டாவது பட்டுத்துணியை எடுத்தார். நான் தலையைச் சற்றுக் குனிந்துகூட வைத்துவிட்டேன். அவர் என்னைத் தாண்டிப் போய் டிரஸ்ஸர் தலையில் கட்டினார். கங்காணிமார் எல்லாம் கூடிப் பேசி முடிவு செய்தார்களாம். எனக்கு மூன்றாவது கட்டினார்கள். குனிந்த தலையோடு நான் நின்ற அந்த நொடியை லயமே பார்த்தது. அன்றிரவு பொங்கல் சோறு எனக்கு இறங்கவில்லை. டிரஸ்ஸருக்கு என் மனைவி தனியாக ஒரு தூக்குச்சட்டியில் மீன் குழம்பு கொடுத்தனுப்பியிருந்தாள் என்று தெரிந்தபோது வயிறு இன்னும் எரிந்தது.

கொஞ்ச நாளில் பெரிய துரை, ஆறு மைல் தள்ளி இருந்த தோட்டத்தின் இன்னொரு பகுதியான இரண்டாவது டிவிஷனையும் டிரஸ்ஸரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். நடந்து போய் வர முடியாது, ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிக்கொள் என்று ஏற்பாடும் செய்து கொடுத்தார். இப்போது மோட்டார் சைக்கிளும் அவருக்கு வந்துவிடும். என்னிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

மறுநாளே டிரஸ்ஸர் வீட்டுக்கு வந்தார். “குளுவாங் கடையில ரெண்டு வண்டி நிக்குதாம் அண்ணே. ஒண்ணு பெல்ட்டு, ஒண்ணு சங்கிலி. எனக்கு இதுல ஒண்ணும் புரியாது. நீங்க எதைச் சொல்றீங்களோ அதை வாங்கிக்கிறேன்.”

நான் காப்பியை ஆற்றிக் குடித்தபடி யோசிப்பதுபோல் பாவனை செய்தேன். பிறகு சொன்னேன். சங்கிலிக்கு எண்ணெய் போட வேண்டும், அது உங்கள் வெள்ளைக் கால்சட்டையில் தெறிக்கும். சங்கிலி வண்டி வெடுக்கு வெடுக்கென்று இழுக்கும், பெல்ட் வண்டி பட்டுப் போல் போகும். பெல்ட் அறுந்தால் கையில் இருக்கும் கொக்கியை மாட்டி அஞ்சு நிமிஷத்தில் கிளம்பிவிடலாம், சங்கிலி அறுந்தால் பட்டறைக்குத்தான் தூக்கிப் போக வேண்டும். சொன்னதில் ஒரு பொய் கிடையாது. மழையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவர் எழுந்து போனதும் என் மனைவி உள்ளேயிருந்து வந்தாள்.

“மழையைப் பத்திச் சொன்னீங்களா?”

“போய் அடுப்பைப் பாரு” என்றேன்.

கடைக்கு அவரோடு நானும் போனேன். அங்கேதான் அந்தச் சங்கிலி வண்டியைப் பார்த்தேன். கறுப்பு உடம்பு, பச்சைக் கோடு. ஓடி ஏற வேண்டாம், நின்றபடியே காலால் உதைத்துக் கிளப்பலாம். எனக்கு வாயில் எச்சில் ஊறியது. கடைக்காரச் சீனர் யோக்கியமான மனிதர். டிரஸ்ஸரைப் பார்த்து மலாயில், “ஊஜான் பாஞ்ஞாக் சினி. ரந்தாய் லாகி பாகூஸ்” என்றார். இங்கே மழை அதிகம், சங்கிலிதான் மேல் என்று அர்த்தம். டிரஸ்ஸர் என் முகத்தைப் பார்த்தார்.

“என்னண்ணே சொல்றாரு?”

“ரெண்டும் ஒண்ணுதான், உங்க இஷ்டம்ங்கிறாரு” என்றேன். பெல்ட் வண்டியை வாங்கினார். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு அவரே என் பழைய வண்டியைத் தட்டிப் பார்த்து, இதைக் கொடுத்துவிட்டு அந்தச் சங்கிலி வண்டியை எடுத்துக்கொள்ளேன், கூடக் கொஞ்சம் போட்டால் போதும் என்றார். என் கையில் அதற்கு வழியும் இருந்தது. ஆனால் எப்படி எடுப்பது? டிரஸ்ஸர் பக்கத்திலேயே நின்று புது பெல்ட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் அவரிடம் நான்தான் பெல்ட்டின் பெருமையைப் பாட்டாகப் பாடியிருந்தேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் அந்தச் சங்கிலி வண்டியை யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது என் சொந்தச் சொத்து பறிபோன மாதிரி இருந்தது. அதற்கும் மனதுக்குள் டிரஸ்ஸரைத்தான் திட்டினேன்.

வருஷக் கடைசி மழை தொடங்கியது. டிரஸ்ஸரின் வண்டி வழியில் நிற்க ஆரம்பித்தது. அவருக்கு ஒளிக்கத் தெரியாது, பட்டப் பகலில் எல்லோரும் பார்க்கத் தள்ளிக்கொண்டு வருவார். “டிரஸ்ஸர் ஐயாவுக்கு வண்டி வசமாகலை. கிராணியார் வண்டி பாரு, எப்படி ஓடுது” என்று ஆட்கள் பேசிக்கொண்டது என் காதில் தேன் மாதிரி விழுந்தது. ஒருநாள் அவர் ஆபீஸ் வாசலில் என்னை நிறுத்தினார்.

“அண்ணே, மழையில நீங்க என்னதான் செய்றீங்க? எனக்கும் அதைச் சொல்லிக் குடுங்களேன்.”

உண்மையைச் சொல்ல அது நல்ல தருணம். நானும் உன்னைப் போலத் தள்ளிக்கொண்டுதான் வருகிறேன் தம்பி என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார், விஷயம் அதோடு முடிந்திருக்கும். நான் சொன்னது வேறு. “ரப்பர் பால் இருக்கே, அதைக் கொஞ்சம் பெல்ட்டுல தடவுங்க. காயவிட்டுட்டு ஓட்டுங்க. அட்டை மாதிரி பிடிச்சுக்கும்.” இதை நானே ஒருமுறை செய்து பார்த்திருந்தேன். தோட்டத்தில் இருக்கிறவனுக்கு எதற்கெடுத்தாலும் ரப்பர் பால்தானே மருந்து. கொஞ்ச தூரம் நன்றாகப் பிடிக்கும். பிறகு நனைந்து, திரண்டு உருண்டையாகி, பெல்ட்டைச் சக்கரத்திலிருந்து தூக்கி எறிந்துவிடும். மழை நாளில் அது காயவே காயாது. தெரிந்தேதான் சொன்னேன். இன்னும் நாலு நாள் ஊர் பார்க்கத் தள்ளட்டும் என்பதுதான் என் எண்ணம். அதற்கு மேல் நான் நினைக்கவில்லை, சத்தியமாக.

அடுத்த வாரம் ஒரு காலை, இரண்டாவது டிவிஷனிலிருந்து ஒரு கங்காணி ஓடி வந்தார். அங்கே பால் வெட்டும் ஆள் ஒருவனுக்குக் கடுமையான காய்ச்சல், இரண்டு தரம் வலிப்பு வந்துவிட்டது, டிரஸ்ஸர் உடனே வர வேண்டும் என்றார். டிரஸ்ஸர் ஊசி மருந்துப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு பத்து மணிக்குக் கிளம்பினார். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். பெல்ட்டில் வெள்ளையாகப் பால் பூசியிருந்தது தெரிந்தது.

அவர் போய்ச் சேர்ந்தது மாலை ஐந்து மணிக்கு. அந்த ஆள் இறந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. முப்பது வயதுகூட இல்லை. மனைவியும் ஒரு கைக்குழந்தையும் இருந்தார்கள்.

மறுநாள் பெரிய துரை டிரஸ்ஸரை ஆபீசுக்கு அழைத்து விசாரித்தார். நான் என் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஆறு மைலுக்கு ஏழு மணி நேரமா என்று துரை கத்தினார். டிரஸ்ஸர் நடந்ததை அப்படியே சொன்னார். இரண்டாம் மைலில் பெல்ட் கழன்றதாம். ஒட்டிக்கிடந்த பாலைச் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தடவி, காயட்டும் என்று ஒரு மரத்தடியில் வாழை இலையைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். மறுபடி கழன்றது, மறுபடி தடவினார், மறுபடி நின்றார். இப்போது பிடித்துக்கொள்ளும், இப்போது பிடித்துக்கொள்ளும் என்றே நேரம் போய்விட்டது. கடைசியில் வண்டியைப் பள்ளத்தில் தள்ளிவிட்டுப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினார். யார் சொல்லிப் பால் தடவினார் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

துரை சட்டென்று என் பக்கம் திரும்பினார். உன்னுடையதும் இதே மாதிரி வண்டிதானே, மூன்று வருஷமாக இதே மழையில்தானே ஓட்டுகிறாய், எப்போதாவது வழியில் நின்றதுண்டா என்று கேட்டார்.

“இல்லை, துரை” என்றேன். மூன்று வருஷம் சொன்ன பொய் பழக்கத்தில் தானாக வந்துவிட்டது.

டிரஸ்ஸரும் தலையை ஆட்டினார். “அண்ணன் வண்டி மழையிலயும் நல்லாத்தான் ஓடுது, துரை. எனக்குத்தான் பக்குவம் தெரியலை. பாலை அளவு தெரியாம பூசிட்டேன் போலிருக்கு.” குத்திக்காட்டிச் சொல்கிறாரோ என்று நிமிர்ந்து பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. நிஜமாகவே தன்மேல்தான் தவறு என்று நம்பிக்கொண்டிருந்தார்.

துரைக்கு அது போதுமானதாக இருந்தது. டிரஸ்ஸரை வேலையை விட்டு நீக்கும் கடிதத்தை அங்கேயே எனக்குச் சொல்ல ஆரம்பித்தார். நான் தாளைச் செருகினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதல் வரியை அடிக்கும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் ஓடியது. இவர் போய்விடுவார், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று மனம் கணக்குப் போட்டது. இரண்டாவது வரியில் காரணம் வந்தது. அஜாக்கிரதையினால் ஒரு தொழிலாளி மரணம் என்று அடிக்க வேண்டும். துரை சொன்ன வார்த்தையைச் சரியாகக் கேட்டுக்கொள்ள நிமிர்ந்தேன். டிரஸ்ஸர் கால்களில் செருப்பு இல்லை. ஓடியதில் இரண்டு பாதமும் கிழிந்திருந்தன. தானே துணி சுற்றியிருந்தார், அதிலும் ரத்தம் கசிந்து தரையில் ஒட்டியிருந்தது. ஊருக்கெல்லாம் கட்டுப் போடுகிறவர், தன் காலுக்கு நேரமில்லாமல் ஏனோதானோ என்று கட்டியிருந்தார்.

என் கை நின்றுவிட்டது. துரை இரண்டு தரம் அதே வார்த்தையைச் சொன்னார். நான் எழுந்து நின்றேன்.

என் வண்டி மழையில் ஒருநாளும் ஒழுங்காக ஓடியதில்லை, தள்ளிக்கொண்டுதான் வருவேன் என்று சொன்னேன். வாசலுக்கு முன்னால் இருக்கும் இறக்கத்தைப் பற்றிச் சொன்னேன். பெல்ட் வண்டி வாங்கச் சொன்னது, கடைக்காரர் பேச்சை மாற்றிச் சொன்னது, பால் தடவச் சொன்னது எல்லாம் நான்தான் என்றேன். தெரியாமல் சொன்னாயா என்று துரை கேட்டார். தெரிந்துதான் என்றேன். ஏன் என்று கேட்டார். பொறாமை என்பதற்கான அந்த ஆங்கில வார்த்தையை அதுவரை நான் எத்தனையோ கடிதம் எழுதியும் ஒரு தடவைகூட அடித்ததில்லை. அதைச் சொன்னேன். துரை தாளை உருவிக் கிழித்துப் போட்டுவிட்டு, இரண்டு பேரும் வெளியே போங்கள் என்றார்.

டிரஸ்ஸருக்கு வேலை தங்கியது. எனக்கும் தங்கியது, டைப் அடிக்க வேறு ஆள் கிடைக்காததால்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த நிமிஷம் வேலை ஞாபகமே எனக்கு இல்லை. வராந்தாவில் அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கையைக் கூப்பினேன். மன்னித்துவிடுங்கள் என்று ஏதோ உளறினேன்.

அவர் தூணை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். “என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எனக்குக் கால்தான் கிழிஞ்சுது. அந்தப் பொண்ணுகிட்ட வந்து சொல்லுங்க.”

நடந்தே போனோம். அந்தக் காலோடு அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால். இரண்டாவது டிவிஷன் லயத்தில் அந்தப் பெண் வாசலில் குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். இருபது வயது இருக்கலாம். நான் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். பெல்ட், சங்கிலி, மழை, பால் என்று என்னென்னவோ சொன்னேன். அவளுக்கு எதுவும் விளங்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, என்னை விட்டு டிரஸ்ஸரைப் பார்த்தாள்.

“சாமி, நேரத்தோட வந்திருந்தீங்கன்னா அவரு பொழைச்சிருப்பாருங்களா?”

டிரஸ்ஸர் யோசிக்கவே இல்லை.

“இல்லம்மா. காய்ச்சல் மூளைக்கு ஏறிடுச்சு. நான் காலையிலேயே பறந்து வந்திருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாது. நீ முன்னாடியே ஆள் அனுப்பலையேன்னும் நினைக்காதே. நீ பண்ணவேண்டியதைப் பண்ணிட்டே.”

அவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து அணைத்துக்கொண்டார்கள். நான் அங்கே உட்கார்ந்துகொண்டு என்ன நினைத்தேன் தெரியுமா? அந்த வேளையிலும் அவர்மேல் எனக்குப் பொறாமை வந்தது. அவளுக்குக் கொடுக்க அவரிடம் ஒரு வார்த்தை இருந்ததே என்று.

திரும்பி வரும்போது பாதி வழியில் என்னால் அடக்க முடியவில்லை. “நீங்க அங்க சொன்னது நெசமா?” என்று கேட்டேன்.

அவர் நின்றார். திரும்பிப் பார்க்காமல், “அது அந்தப் பொண்ணுக்குச் சொன்ன பதில். உங்களுக்குச் சொன்னது இல்லை” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அதன்பிறகு நாலு வருஷம் ஒரே தோட்டத்தில் இருந்தோம். எனக்குக் காய்ச்சல் வந்தபோது எல்லோருக்கும் போலவே எனக்கும் வைத்தியம் பார்த்தார், கோபமாக ஒரு சொல் சொன்னதில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. பிறகு அவர் வேறு தோட்டத்துக்கு மாறிப் போய்விட்டார், இப்போது உயிரோடு இல்லை என்று கேள்வி. நேரத்துக்குப் போயிருந்தால் அந்த மனிதன் பிழைத்திருப்பானா என்பது தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அது இனி எனக்குத் தெரியவே போவதில்லை என்ற நினைப்போடுதான் ஒவ்வொரு நாளும் கண் விழிக்கிறேன்.